வளையல் காணோம் என்ற புகார்: 67 வயதில் வந்த மனச்சோர்வும் அதற்குப் பின்னால் இருந்த மறதியும்

இந்த நிகழ்வு 2022 முதல் 2024 வரை திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு பேரூராட்சியில் நடந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக மனச்சோர்வோ சந்தேகமோ எரிச்சலோ வந்தால், மனநலப் பிரச்சினைக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. ஞாபகசக்தியையும் அன்றைக்கே சோதித்துவிட வேண்டும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்த அம்மாவின் கதை ஒரு முக்கியக் காரணம்.

பின்னணி

அம்மாவுக்கு அப்போது 67 வயது. பழைய எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்று எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், எத்தனை கிலோ அரிசி செலவு, எத்தனை முட்டை மிச்சம் என்று தினமும் பதிவேட்டில் எழுதி, ஆடிட்டில் ஒருமுறைகூடப் பேச்சு வாங்காதவர் என்று மகன் பெருமையோடு சொன்னார். கணவர் 2018இல் மாரடைப்பால் இறந்தார். மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அம்மாவின் வீட்டிலேயே குடியிருக்கிறார். மகள் திருப்பூரில்.

சர்க்கரை நோய் வந்து 12 ஆண்டுகள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபிறகு இரண்டும் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. இதற்கு முன் மனநலத்துக்காக எந்த மருத்துவரையும் பார்த்ததில்லை. கணவர் இறந்தபோதுகூடச் சில மாதங்களில் தேறி, பழையபடி வேலைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டாராம். அம்மாவின் தாயார் கடைசிக் காலத்தில் வீட்டில் இருப்பவர்களை அடையாளம் தெரியாமல், எங்காவது கிளம்பிப் போய்விடுவார் என்ற தகவலும் கிடைத்தது. அது நாங்கள் கேட்டபிறகுதான் வந்தது. யாரும் தானாகச் சொல்லவில்லை.

ஓய்வுக்குப் பிறகு தெருப் பெண்களுக்குக் குலுக்கல் சீட்டு நடத்திவந்தார். 20 பேர், ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய், 20 மாதம். இந்தச் சீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் மாற்றங்கள்

எல்லாம் 2020 ஊரடங்கின்போது தொடங்கியது என்றார்கள். விடிவதற்கு முன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுபவர், வெயில் ஏறும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை கோயில் நின்றது. ஊரடங்கு முடிந்து எல்லோரும் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகும் அவர் போகவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், "கூட்டத்துல யார் என்ன பேசுறாங்கன்னே புரியல, நீங்க போயிட்டு வாங்க" என்றார். கொரோனா பயம் என்று வீட்டில் நினைத்தார்கள். புருஷன் போன கவலை இப்போதுதான் உறைக்கிறது என்றார்கள் அக்கம்பக்கத்தில்.

2021 நடுவில் எரிச்சல் வந்தது. பேரனைக் கை நீட்டி அடித்தார்; அதற்கு முன் பிள்ளைகளைத் தொட்டதே இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. மருமகள் துவரம்பருப்பையும் அரிசியையும் தன் அம்மா வீட்டுக்கு அனுப்புகிறாள் என்றார். பிறகு பீரோவில் வைத்திருந்த 20,000 ரூபாயைக் காணோம் என்றார். அப்புறம் இரண்டு தங்க வளையல். சமையலறை அலமாரிக்குப் பூட்டு போட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். சாவி தொலைந்தால் அதற்கும் மருமகள்தான் காரணம்.

உறவினர்கள் கூடிப் பேசினார்கள். வீட்டை மகள் பேருக்கு எழுதிவைக்கத்தான் இந்த நாடகம் என்று மகன் பக்கத்தில் சிலர் சொல்ல, மருமகள்தான் கிழவியைப் படுத்துகிறாள் என்று மகள் பக்கத்தில் சொன்னார்கள். மருமகள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். கோடாங்கியிடமும் போய்ப் பார்த்தார்கள். இப்படியே பல மாதங்கள் ஓடின.

இடையில் மருத்துவமும் நடந்திருக்கிறது. கால் எரிச்சலுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் இரவு அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம். தூக்கம் இல்லை என்றபோது அல்பிரசோலம் 0.5. அரிப்பு வந்தால் மெடிக்கலில் வாங்கும் அலர்ஜி மாத்திரை. பெரும்பாலும் தினம் ஒன்று. மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தவை. மூன்றையும் சேர்த்து ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

எங்களிடம் வந்தபோது

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் எங்கள் குழு வாரத்தில் ஒருநாள் அந்தத் தாலுகா மருத்துவமனைக்குப் போகிறது. மனநல மருத்துவர் நான். உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் என்று மூவர் உடன் இருப்பார்கள். 2022 ஜூனில் மகனும் மருமகளும் அம்மாவை அழைத்துவந்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, "போய்ச் சேர்ந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்பதுதான் அன்றைய காரணம்.

எடை குறைந்திருந்தது. மெதுவாகப் பேசினார். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் மகன் முகத்தைப் பார்த்தார். மகன் அதையே சத்தமாகத் திருப்பிச் சொன்னபிறகு பதில் வந்தது. சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அதற்கான திட்டமோ முயற்சியோ இல்லை. முதியோருக்கான 15 கேள்வி மனச்சோர்வு அளவீட்டில் 11 வந்தது. 5க்கு மேல் போனாலே மனச்சோர்வை நினைக்க வேண்டும். சில நாளில் திடீரென்று வரும் குழப்பநிலை இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டோம்: காய்ச்சல் இல்லை, சிறுநீர்த் தொற்று இல்லை, காலையில் ஒரு மாதிரி மாலையில் ஒரு மாதிரி என்ற ஏற்ற இறக்கமும் இல்லை. இல்லாத ஆட்களோ விலங்குகளோ கண்ணுக்குத் தெரிவதில்லை. நடையில் இறுக்கம் இல்லை. டிமென்ஷியா எனப்படும் மறதி நோயில் லூயி பாடி என்று ஒரு வகை உண்டு; அதைத் தள்ளிவைக்க இதைக் கேட்டே ஆக வேண்டும்.

மருமகளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினோம். "அத்தை முன்னாடி இப்படி இல்ல மேடம். எனக்கு ரெண்டு பிரசவமும் அவங்கதான் பார்த்தாங்க. இப்ப நான் காபி கொண்டுபோனா, முதல்ல நீ குடின்னு சொல்றாங்க." இதைச் சொன்னபோது அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. பல மாதமாகச் சரியாகத் தூங்காதவரின் முகம் அது.

அன்றைக்கே இங்கேயே முடித்திருக்கலாம். மனச்சோர்வு, அதோடு சேர்ந்த சந்தேக எண்ணம் என்று எழுதி, மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரையும் சந்தேகத்துக்கு ஒரு மாத்திரையும் கொடுத்து அனுப்பினால் யாரும் தவறு என்று சொல்லமாட்டார்கள். 67 வயதுவரை மனநலத்தில் ஒரு குறையும் இல்லாதவருக்கு ஏன் இப்போது என்ற கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்திருக்காது.

ஞாபகத்தையும் சிந்தனைத் திறனையும் சோதிக்கும் மோகா என்ற தேர்வின் தமிழ் வடிவத்தை உளவியலாளர் செய்தார். 30க்கு 15. 12 ஆண்டுக்குள் படித்தவர்களுக்குக் கூட்டித் தரும் ஒரு மதிப்பெண்ணும் இதில் அடக்கம். பொதுவாக 26க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். ஆழ்ந்த மனச்சோர்வும் தூக்க மாத்திரையும் மதிப்பெண்ணைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் அந்த எண்ணை மட்டும் நாங்கள் நம்பவில்லை. தவறுகள் எந்த மாதிரியானவை என்று பார்த்தோம். ஐந்து சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துக் கேட்டதில் ஒன்றுகூட வரவில்லை. இன்ன வகைச் சொல் என்று துப்புக் கொடுத்தும் வரவில்லை. மனச்சோர்வில் இருப்பவர்கள் "தெரியல, விடுங்க" என்று விலகுவார்கள். துப்புக் கொடுத்தால் பெரும்பாலும் நினைவுக்கு வந்துவிடும். இவர் முயன்றார், வேறு சொற்களைச் சொன்னார். கடிகாரத்தில் பதினொன்று பத்து காட்டச் சொன்னபோது ஒரு முள்ளை 11க்கும் இன்னொன்றை 10க்கும் வரைந்தார். வரைந்துவிட்டு, சரிதானே என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

சந்தேகத்தைச் சரிபார்த்தல், சீட்டு நோட்டு

முதியவர் ஒருவர் "திருடுகிறார்கள்" என்று சொன்னால் அதை நோய் என்று எழுதும் முன் உண்மையா என்று விசாரிக்க வேண்டும். முதியோரின் பணமும் நகையும் குடும்பத்துக்குள்ளேயே பறிபோவது நம் ஊரில் நடக்காத விஷயம் இல்லை. சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போனார்.

அரிசி மூட்டை அம்மாவின் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது, சேலைத் துணி போட்டு மூடி. பருப்பு டப்பாக்களும் அங்கேதான். அவரே எடுத்து வைத்தது. வைத்தது நினைவில் இல்லை.

வளையல் விஷயம் வேறு. 2021இல் வண்டிக்கு ஓட்டம் இல்லாமல் தவணை கட்ட முடியாதபோது மகன்தான் அவற்றை எடுத்து அடகு வைத்திருக்கிறார். மனைவிக்கும் தெரியாது. தன் மனைவி கற்பூரத்தின் முன் நின்று சத்தியம் செய்தபோதுகூட வாய் திறக்கவில்லை. எங்களிடம் தனியாக வந்து சொன்னார், ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்று, குரலே எழாமல்.

ஆக, அம்மாவின் புகாரில் ஒன்று பொய், ஒன்று பாதி உண்மை. வளையல் திருடப்படவில்லை, ஆனால் எடுக்கப்பட்டிருந்தது, எடுத்தவர் வேறு. இதை விசாரிக்காமல் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நோய் என்று சொல்லியிருந்தால், அந்த அம்மாவுக்குப் பெரிய அநியாயம் செய்திருப்போம்.

மீதி 20,000 ரூபாய். அதற்கான பதில் சீட்டு நோட்டில் இருந்தது. நீளமான கோடு போட்ட நோட்டு. இடப்பக்கம் 20 பெயர்கள், மேலே மாதங்கள், கட்டியவர்களுக்கு நேரே சிவப்பு மையில் டிக். சீட்டு எடுத்தவர் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் கையெழுத்து. தொடக்கப் பக்கங்களில் எழுத்து அச்சடித்ததுபோல இருந்தது. போகப்போக வரி கோணியது. 2021 மார்ச்சில் ஒருவரே ஒரே மாதத்துக்கு இரண்டு முறை கட்டியதாக டிக், அது அடிக்கப்பட்டு மறுபடி டிக். அந்த ஆண்டு ஆகஸ்டில், ஏற்கெனவே சீட்டு எடுத்து வட்டம் போடப்பட்ட ஒரு பெண்ணுக்கே மறுபடி 20,000 கொடுத்திருக்கிறார். கையெழுத்தும் இருக்கிறது. கடைசியில் ஒருவருக்குப் பணம் இல்லாமல் போக, தன் கைப்பணத்தைப் போட்டு, யாரிடமும் சொல்லாமல் சீட்டை முடித்திருக்கிறார். அதன்பிறகு சீட்டு நடத்தவே இல்லை.

பணம் போனது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படிப் போனது என்பதுதான் தெரியவில்லை. அந்த ஓட்டையை மனம் ஒரு காரணத்தால் நிரப்பிக்கொண்டது. வீட்டில் இருந்த ஒரே வெளியாள் மருமகள். டிமென்ஷியாவின் தொடக்கத்தில் திருட்டுப் புகார் இவ்வளவு அடிக்கடி வருவதற்கு இதுதான் வழி என்று நான் நினைக்கிறேன். கணக்கில் ஒரு பைசா பிசகாத பெண்மணிக்குக் கணக்கு பிசகிய அந்த ஆண்டு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், மனச்சோர்வுக்கும் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

பரிசோதனைகள்

ரத்தத்தில் வைட்டமின் பி12 மில்லிலிட்டருக்கு 148 பிகோகிராம். 200க்குக் கீழே என்பது குறைபாடு. பல ஆண்டு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு இது வரக்கூடியதே. தைராய்டு, உப்புச் சத்து, சிறுநீரகம் சரி. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை. காதில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்தபிறகும் கேட்கவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் செய்த பரிசோதனையில் இரண்டு காதிலும் நடுத்தர அளவில் கேள்திறன் குறைவு. மதுரைக்கு அனுப்பி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி இரு பக்கமும் வயதுக்கு மீறிச் சுருங்கியிருந்தது. சிறு ரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டதன் வெண்திட்டுகளும் இருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

டிமென்ஷியா என்று அன்று எழுதவில்லை. மனச்சோர்வு, பி12 குறைவு, மூளையை மந்தப்படுத்தும் மூன்று மாத்திரைகள், கேளாமை ஆகிய நான்கும் நினைவாற்றலைக் கெடுக்கக் கூடியவை, நான்கும் சரிசெய்யக் கூடியவை. முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என்று முடிவெடுத்தோம். குடும்பத்திடம், "மறதி நோய்னு இப்ப சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்லமாட்டோம். ஆறு மாசத்துக்கு ஒருதடவை இதே தேர்வை வச்சுப் பார்க்கணும்" என்று சொன்னோம்.

முதலில் நிறுத்தியது அமிட்ரிப்டிலினையும் அலர்ஜி மாத்திரையையும். இரண்டும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. நினைவுக்குத் தேவையான அதே பொருளைக் கூட்டத்தான் டிமென்ஷியாவுக்கே மருந்து தருகிறோம். ஒரு கையால் தடுத்துக்கொண்டு மறுகையால் சோதித்தால் எந்த மதிப்பெண்ணுக்கும் அர்த்தம் இல்லை. அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இரண்டு மாதத்தில் கால் கால் மாத்திரையாகக் குறைத்தோம். பி12 ஊசி தொடங்கினோம். கால் எரிச்சலுக்கும் பி12 குறைவு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் அதற்கு வேறு மருந்து உடனே போடவில்லை.

மனச்சோர்வுக்கு செர்ட்ராலின், 25இல் தொடங்கி 50, பிறகு 100. முதியோரிடம் சோடியம் குறையும் வாய்ப்பு உள்ளதால் இரண்டாவது வாரத்தில் ரத்தம் பார்த்தோம். 133க்கு இறங்கி, பிறகு தானாக ஏறியது. அரசுக் கையிருப்பில் எப்போதும் கிடைக்கும் மருந்து என்பதும் இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். பாதியில் நின்றுபோகும் விலையுயர்ந்த மருந்தால் யாருக்கும் பயன் இல்லை.

சந்தேகத்துக்கான மருந்து வேண்டும் என்று மகன் கேட்டார். தரவில்லை. டிமென்ஷியா உள்ள முதியோருக்கு அந்த வகை மருந்துகளால் மரண ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. டிமென்ஷியா இன்னும் உறுதியாகவில்லை என்றாலும் சந்தேகம் பலமாக இருந்தது. சந்தேகத்தால் அம்மா யாரையும் தாக்கவில்லை. புகாரில் ஒன்றுக்கு உண்மையான அடிப்படை இருந்தது. வளையலைத் திருப்பிக் கொண்டுவருவதுதான் முதல் மருந்து என்று மகனிடம் சொன்னோம்.

இங்கே ஒரு கேள்வி எழும். மனச்சோர்வு டிமென்ஷியாவைக் கொண்டுவருகிறதா, அல்லது டிமென்ஷியாவின் முதல் முகமே மனச்சோர்வா? 2024இல் லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் மனச்சோர்வும் ஒன்று. கேளாமை, சர்க்கரை, ரத்த அழுத்தம், தனிமை ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. இந்த அம்மாவிடம் ஐந்தும் இருந்தன. இந்த 14ஐயும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அந்த ஆணையத்தின் கணக்கு. மறுபக்கம், 1985இல் தொடங்கிய பிரிட்டனின் இரண்டாம் வைட்ஹால் ஆய்வு 10,000க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 28 ஆண்டு பின்தொடர்ந்தது. நடுவயதில் இருந்த மனச்சோர்வுக்கும் டிமென்ஷியாவுக்கும் அங்கே தொடர்பு தெரியவில்லை. முதுமையில் வந்த மனச்சோர்வுக்குத் தெரிந்தது. டிமென்ஷியா கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் 11 ஆண்டுக்கு முன்பே மனச்சோர்வு அறிகுறிகள் கூடத் தொடங்கியிருந்தன. அதாவது, முதுமையில் புதிதாக வரும் மனச்சோர்வு சிலருக்கு நோயின் தொடக்கமாகவே இருக்கலாம்.

50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி ஆறு மாதமாவது நீடிக்கும் ஆர்வமின்மை, மனநிலை மாற்றம், கட்டுப்பாடு இழத்தல், பொது இடத்தில் பொருந்தாத நடத்தை, சந்தேகம் ஆகியவற்றை 'லேசான நடத்தைக் குறைபாடு' என்று ஒரு வரையறையாகவே 2016இல் ஆய்வாளர்கள் வகுத்துவைத்தார்கள். இது புதிதும் இல்லை. டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1901இல் பிராங்க்பர்ட்டில் பார்த்த, அந்நோயின் முதல் நோயாளியான அகுஸ்டே டீட்டர் என்ற பெண்ணின் வரலாற்றில் முதலில் குறிக்கப்பட்டதே கணவர் மேல் வந்த சந்தேகம்தான். மறதி அதற்குப் பிறகு.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். முதுமையில் மனச்சோர்வு வந்த எல்லோருக்கும் டிமென்ஷியா வருவதில்லை, பெரும்பாலோருக்கு வராது. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. எந்தக் காரணமானாலும் மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்யத்தான் வேண்டும். அது தனியாகவே வலி மிகுந்த, குணமாகக்கூடிய நோய்.

முதல் ஆறு மாதம்

நான்காவது வாரத்தில் சாப்பிடத் தொடங்கினார். இரண்டாவது மாதத்தில் தூக்கம் சீரானது. கால் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. சாக வேண்டும் என்ற பேச்சு நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு மறுபடி கோயிலுக்குப் போனார்.

காது கேட்கும் கருவிக்குத்தான் அலைச்சல். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குத் தேவையான 40 விழுக்காட்டை அவருடைய கேளாமை எட்டவில்லை; அந்த வழியில் இலவசக் கருவி கிடைக்கவில்லை. கடைசியில் திருப்பூர் மகள் வாங்கித் தந்தார். போட்ட முதல் வாரம் இரைச்சல் தாங்கவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார். தினம் ஒரு மணி நேரம், அமைதியான அறையில், பேத்தியோடு பேசும்போது மட்டும் என்று தொடங்கி மெதுவாகக் கூட்டினோம்.

ஆகஸ்டில் மகன் வளையலை மீட்டுவந்தார். எங்கள் அறையிலேயே, அம்மா முன்னாலும் மனைவி முன்னாலும், தான் எடுத்ததைச் சொன்னார். அம்மா அழுதார், மகனைத் திட்டினார், மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அன்று எல்லோருமே சிக்கல் தீர்ந்தது என்று நினைத்துத்தான் வீடு திரும்பியிருப்பார்கள்.

அடுத்த மாதம் வந்தபோது மருமகள் சொன்னார்: "வளையலை நான்தான் எடுத்தேன்னு மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க மேடம்." அம்மாவிடம் கேட்டோம். மகன் ஒப்புக்கொண்டதும், தான் அழுததும் அவருக்கு நினைவில் இல்லை. மனச்சோர்வு அளவீடு அப்போது 4க்கு இறங்கியிருந்தது. மனம் தேறியவருக்கு, இவ்வளவு உணர்ச்சியோடு நடந்த ஒன்று ஒரே மாதத்தில் சுவடின்றிப் போகாது. எம்.ஆர்.ஐ.யைவிட இந்தத் தகவல்தான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது.

டிசம்பரில் மோகா 19. நான்கு மதிப்பெண் ஏறியிருந்தது. கவனமும் வேகமும் தேறியிருந்தன. ஐந்து சொற்களில் நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்று. லேசான அறிவாற்றல் குறைவு என்று பதிந்தோம்.

குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தவை எளிமையானவை. சத்தியம் செய்யாதீர்கள், வாதாடாதீர்கள். "காணோமா, வாங்க அத்தை சேர்ந்து தேடுவோம்" என்று கூடப் போங்கள். வளையலைக் கையிலேயே போட்டுவிடுங்கள். அரிசி மூட்டையைக் கட்டிலடியிலிருந்து எடுக்காதீர்கள், அவர் நிம்மதி அதில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். மருமகள் இவற்றை ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டார். வாதாட்டம் நின்றதும் புகார்கள் வாரத்துக்கு ஒன்று என்று குறைந்தன.

அடுத்த இரண்டு ஆண்டு

2023 நடுவில் மோகா 18. அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டார். அந்த நேரத்தில் சொத்துப் பேச்சை நாங்களே எடுத்தோம். நாளைக்கு முடிவெடுக்க முடியாமல் போனால் அண்ணன் தங்கைக்கு நடுவே சண்டை வரும் என்று அம்மாவுக்கே பயம் இருந்தது. என்ன சொத்து, யார் யார் வாரிசு, எழுதுவதன் விளைவு என்ன என்று அவரால் தன் சொற்களில் சொல்ல முடிகிறதா என்று இரண்டு தனித்தனி நாளில் சோதித்துப் பதிவுசெய்தோம். முடிந்தது. வீட்டை இருவருக்கும் சமமாக உயில் எழுதிப் பதிவுசெய்தார். வங்கிக் கணக்கில் மகள் பெயரும் சேர்ந்தது.

2024 தொடக்கத்தில் சரிவு தெரிந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். ஒரே மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொண்டார். நாற்பது ஆண்டு நடந்த கடைத்தெருவில் வழி தெரியாமல் நின்றவரைத் தெரிந்த ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். மார்ச்சில் மோகா 14. மனச்சோர்வு அளவீடு 3. ஆகவே இம்முறை சோர்வைக் காரணம் சொல்ல முடியாது. அல்சைமர் வகை டிமென்ஷியா, ரத்தக்குழாய்ப் பாதிப்பும் சேர்ந்தது என்று முடிவுக்கு வந்தோம். இதயத் துடிப்பு குறையக்கூடும் என்பதால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு அசிட்டைல்கோலினைக் கூட்டும் டோனெபெசில் 5 மில்லிகிராம் தொடங்கினோம். செர்ட்ராலின் தொடர்கிறது.

2024 முடிவில் குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் தானாகவே. பணமும் மருந்தும் மருமகள் கையில். சந்தேகம் அவ்வப்போது வருகிறது, அன்றைக்கே போய்விடுகிறது.

எங்கள் நடைமுறையில் மாறியவை

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பலர் முதலில் வந்து நிற்பது மறதி நோய்க்கான சிகிச்சை மையத்தில் அல்ல. எங்கள் மாதிரி வாராந்தர மனநலப் பிரிவிலோ, தூக்க மாத்திரை எழுதும் கிளினிக்கிலோ, கோடாங்கி வீட்டிலோதான்.

இப்போது 60 வயதுக்கு மேல் முதன்முறையாக மனநல அறிகுறியோடு வருபவர்களுக்கு முதல் வருகையிலேயே ஞாபகத் தேர்வு செய்கிறோம். மனம் தேறியபிறகு அதே தேர்வை மறுபடி வைக்கிறோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒற்றை மதிப்பெண்ணைவிட அதிகம் சொல்கிறது. மனச்சோர்வு குணமாகிவிட்டது என்று கோப்பை மூடுவதில்லை. வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்கிறோம், மெடிக்கலில் சும்மா வாங்கியது உட்பட. காதைச் செவிலியரே முதல் நாளில் சோதிக்கிறார். பி12 முதல் ரத்தப் பரிசோதனையிலேயே போகிறது. மேலும், அவர் கையால் எழுதிய ஏதாவது ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறோம்: சீட்டு நோட்டு, மளிகைக் கணக்கு, மொய் நோட்டு, பழைய கடிதம். எழுத்து எந்த ஆண்டு கோணத் தொடங்கியது என்று பார்த்தால் நோய் எப்போது தொடங்கியது என்று ஓரளவு தெரிந்துவிடும். குடும்பத்தார் சொல்லும் தேதியைவிட அது பெரும்பாலும் முந்தியதாக இருக்கிறது.

பார்த்துக்கொள்பவரைத் தனியாக ஒருமுறை பார்க்காமல் அனுப்புவதும் இல்லை. இந்த மருமகளுக்கு 2023இல் ரத்த அழுத்தம் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. இப்போது மாதத்தில் நான்கு நாள் மகள் திருப்பூரிலிருந்து வந்து அம்மாவோடு இருக்கிறார், மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போய்வருகிறார். இரவில் ஏதாவது என்றால் அழைக்க 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொடுத்திருக்கிறோம்.